ட்ரெயினர் வைக்காமல் எடைப் பயிற்சி: புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு

"பர்சனல் ட்ரெயினர் வெச்சுக்கோங்க, இல்லைன்னா அடிபட்டுடும்." ஜிம்மில் பெயர் கொடுக்கப் போனாலே காதில் விழும் முதல் பேச்சு இது. அந்தக் கட்டணம் மாதச் சந்தாவைவிடப் பல மடங்கு வரும். கட்ட முடிந்தால் கட்டுங்கள், தவறில்லை. முடியாதென்றால் எடைப் பயிற்சியையே விட்டுவிட வேண்டியதில்லை. நான் ட்ரெயினர் இல்லாமல்தான் தொடங்கினேன். தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ட்ரெயினர் செய்வது மொத்தம் நான்கு வேலை. என்ன பயிற்சி என்று திட்டம் போடுகிறார். சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்கிறார். எப்போது எடையைக் கூட்டுவது என்று முடிவு செய்கிறார். நீங்கள் வராமல் போகாதபடி பார்த்துக்கொள்கிறார். இவற்றுக்குப் பதிலாக எழுதிவைத்த ஒரு திட்டம், ஃபோன் கேமரா, ஒரு நோட்டு, மாறாத நேரம் ஆகிய நான்கும் உங்களிடம் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் பார்க்கும் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டையும் தனியாகக் கற்க முயலாதீர்கள். அவை வேகமும் நுணுக்கமும் கலந்தவை, கோச் வேண்டும். இங்கே சொல்வது ஒரு கையில் பிடிக்கும் டம்பெல், இரண்டு கையாலும் பிடிக்கும் நீளக் கம்பியான பார்பெல், மெஷின் இவற்றைக் கொண்டு உடலைப் பலப்படுத்தும் சாதாரண எடைப் பயிற்சி.

1. முதலில் உடல்நிலைக் கேள்விகள்

பயிற்சி தொடங்க உடல்நிலை இடம்கொடுக்கிறதா என்று பார்க்கும் பார்-க்யூ பிளஸ் (PAR-Q+) என்று ஒரு படிவம் உண்டு. பல ஜிம்களில் சேரும்போது தருவார்கள். முதல் பக்கத்தில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 7 கேள்விகள்: இதய நோய் அல்லது ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, தலைசுற்றல், வேறு நாள்பட்ட நோய், தொடர்ந்து சாப்பிடும் மருந்து, எலும்பு மூட்டுப் பிரச்சினை, மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்களா என்பது. கவுன்ட்டரில் நின்றபடி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக நிரப்புங்கள். ஒரு 'ஆம்' வந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள் புதிதாக, அதுவும் தனியாக, தொடங்க இந்தக் கட்டுரையை நம்ப வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவமானவர்கள் பிந்தைய பரிசோதனை முடிந்து அனுமதி கிடைத்த பிறகு தொடங்கலாம். சிசேரியன் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். எடை தூக்கும்போது சிறுநீர் கசிகிறதா? நிறையப் பெண்களுக்கு உண்டு, வெளியே சொல்லத்தான் மாட்டார்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், இது சரியாகக் கூடியது. அதுவரை கசிவு வராத அளவுக்கு எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு எடைப் பயிற்சி நல்லதுதான். ஆஸ்திரேலியாவில் லிஃப்ட்மோர் என்ற ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் 2 நாள், 30 நிமிடம் வீதம் 8 மாதம் கனமாகவே தூக்கினார்கள், முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. ஆனால் அந்தப் பயிற்சி முழுக்க மேற்பார்வையில் நடந்தது. எலும்பு மெலிந்து எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பது உறுதியானவர்கள் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டாம்.

2. ஜிம்மா, வீடா

முடிந்தால் ஜிம். காரணம் எளிது: எடை கூடிக்கொண்டே போகும். வீட்டில் வாங்கும் டம்பெல் சில மாதங்களில் கால்களுக்குப் போதாமல் போய்விடும், தோள்களுக்கு மட்டும் மிஞ்சும். வீடுதான் வசதி என்றால் எடையை மாற்றிக்கொள்ளும் டம்பெல் ஒரு ஜோடியும், சாய்வை மாற்றக்கூடிய பெஞ்ச் ஒன்றும் போதும். ஒரு கையில் 20 கிலோவுக்கு மேல் ஏறக்கூடிய செட்டாகப் பாருங்கள். இரும்பு கெட்டுப்போகாது என்பதால் பழையதையே வாங்கலாம், பணம் மிச்சமாகும். டம்பெல் கம்பியின் மறையும் பூட்டும் இறுகுகிறதா, பெஞ்சின் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஜிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் எந்த நேரத்தில் போகப் போகிறீர்களோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். விற்பனை ஆள் மதியம் கூப்பிட்டுக் காட்டும் காலி ஜிம் வேறு, மாலை வேலை முடிந்து எல்லோரும் வரும் ஜிம் வேறு. அங்கே நின்று இவற்றைக் கவனியுங்கள்: 2 கிலோவிலிருந்து சின்னச் சின்ன இடைவெளியில் டம்பெல் இருக்கிறதா? பார்பெல்லின் இரு முனையிலும் மாட்டும் வட்ட எடையான பிளேட் 1.25 கிலோவில் இருக்கிறதா? பார்பெல்லைத் தாங்கி நிற்கும் சட்டமான ஸ்குவாட் ரேக்கில் இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பி உண்டா? 15 கிலோ பார், அதாவது பார்பெல்லின் கம்பி, இருக்கிறதா? உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள்.

3. கையெழுத்துக்கு முன்

பணம் வீணாகும் இடம் இதுதான். மாதச் சந்தா என்று போர்டில் எழுதியிருப்பது மொத்தச் செலவாக இருக்காது. சேர்க்கைக் கட்டணம், லாக்கர், வரி எல்லாம் பிறகு வரும். 'முதல் வருடத்துக்குச் சேர்த்து உங்களுக்கு எவ்வளவு வரும்' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: குறைந்தபட்சம் எத்தனை மாதம், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, உடம்பு சரியில்லை என்றால் சந்தாவை நிறுத்திவைக்கலாமா, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுப்பது எப்போது நிற்கும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் விலகுவதாக வாயால் சொன்னதை ஏற்கவே இல்லை, அடுத்த மாதப் பணமும் போய்விட்டது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வந்ததையும் வைத்துக்கொள்ளுங்கள். வருடச் சந்தா மலிவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். முதல் 3 மாதம் மாதாமாதம் கட்டுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

இன்னொரு பொறி 'இலவச உடல் மதிப்பீடு'. பெரும்பாலும் அது ட்ரெயினர் பேக்கேஜை விற்பதற்கான நேரம். அதற்காகத் தவிர்க்க வேண்டாம். போய் மெஷின்களின் சீட்டை எப்படி மாற்றுவது, ரேக்கின் கம்பியை எப்படி நகர்த்துவது என்று கற்றுக்கொண்டு வாருங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள், அன்றே எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. வாங்க வேண்டியது, வேண்டாதது

நன்றாகப் பிடித்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள். ஷூ தட்டையான, கெட்டியான அடிப்பாகத்துடன் இருக்கட்டும். ஓடுவதற்கான மெத்தென்ற ஷூவில் நின்று எடை தூக்கினால் பாதம் ஆடும். ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், நோட்டு, பேனா. அவ்வளவுதான்.

இடுப்பு பெல்ட் இப்போது வேண்டாம். வயிற்றை இறுக்கும் 'வெய்ஸ்ட் ட்ரெயினர்' எப்போதுமே வேண்டாம், மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குவதையே அது தடுக்கும். கையுறை உங்கள் விருப்பம். மோதிரத்தை மட்டும் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

5. திட்டம்: ஆறு மாதத்துக்கு இதுவே போதும்

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரம் குறைந்தது 2 நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. வாரம் 3 நாள் முடிந்தால் நல்லது. நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். கீழே உள்ள இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

முதல் வகை நாள்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும் காப்லெட் ஸ்குவாட், பெஞ்சில் மல்லாந்து படுத்து மேலே தள்ளும் டம்பெல் பெஞ்ச் பிரஸ், குனிந்து நின்று டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் ஒரு கை ரோ, முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க்.

இரண்டாம் வகை நாள்: நின்றபடி இடுப்பை மடக்கி எடையைக் காலை ஒட்டி இறக்கி ஏற்றும் ரோமேனியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேலே தூக்கும் ஷோல்டர் பிரஸ், மெஷினில் தலைக்கு மேலிருக்கும் கம்பியை நெஞ்சு வரை இழுக்கும் லாட் புல்டவுன், கைக்கு ஒரு கனமான டம்பெல் பிடித்து நடக்கும் ஃபார்மர்ஸ் வாக்.

பிளாங்க்கும் நடையும் தவிர மற்றவை 8 முதல் 12 ரெப் வீதம் 3 செட். ஒருமுறை செய்வது ஒரு ரெப், நிற்காமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். செட்டுகளுக்கு நடுவே 2 நிமிடம் ஓய்வு. தொடங்கும் முன் உடம்பைச் சூடாக்கும் வார்ம்-அப்போடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் 2 செட் மட்டுமே செய்யுங்கள், உடம்பு பழகட்டும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது என்று உடம்பின் முக்கிய வேலைகள் எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. 'பெண்களுக்கான' திட்டம் என்ற பெயரில் 1 கிலோ டம்பெல்லை 50 தடவை ஆட்டச் சொல்வதெல்லாம் நேரத்தை விழுங்கும், பலம் தராது. இடுப்பில் மட்டும், கையில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி என்று எதுவும் கிடையாது. உடம்பு ஆண் மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமா? தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. வருடக்கணக்கில் குறிவைத்து உழைத்தாலொழிய அப்படி ஆகாது.

6. எத்தனை கிலோவில் தொடங்குவது

யாரும் சொல்ல முடியாத எண் இது. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், எளிதுதான். லேசானதை எடுத்து 10 ரெப் செய்யுங்கள். இன்னும் ஐந்தாறு முடியும் போலிருந்தால் அடுத்த டம்பெல்லுக்குப் போங்கள். 10 முடிக்கும்போது 'இன்னும் இரண்டு, மூன்று முடியும், அதற்கு மேல் முடியாது' என்று எங்கே தோன்றுகிறதோ அதுதான் உங்கள் எடை. காலுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று வேறுவேறாக வரும். தோளுக்கு வரும் எண் சின்னதாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான்.

மூச்சு: கீழே போவதற்கு முன் வயிறு நிறைய இழுத்து, யாரோ குத்த வருவது போல வயிற்றை இறுக்குங்கள். மேலே வரும்போது, கடினமான இடத்தைத் தாண்டியதும் விடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சை அடக்காமல், தூக்கும்போதே விட்டுக்கொண்டு வாருங்கள்.

7. கண்ணாடியை நம்பாதீர்கள், கேமராவை நம்புங்கள்

கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலே முதுகு கோணும். ஃபோனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி செட்டை மட்டும் எடுங்கள், களைப்பில்தான் செய்யும் விதம் குலைவது தெரியும். ஜிம்மில் படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிறர் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் எதைப் பார்ப்பது? ஸ்குவாட்டில் குதிகால் தரையிலிருந்து எழும்புகிறதா, முட்டி உள்பக்கம் மடிகிறதா. டெட்லிஃப்டில் முதுகு வளைகிறதா, எடை காலை ஒட்டியே இறங்குகிறதா. ரோமேனியன் டெட்லிஃப்ட் என்பது குனிவது என்று நினைத்தால் தப்பாகப் போகும். பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளி மூடுவதாக நினைத்துச் செய்யுங்கள், தொடையின் பின்புறம் இழுக்கும். இழுத்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். தரையைத் தொட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பெஞ்ச் பிரஸ் செய்யும்போது பாதம் தரையில் பதியாத அளவுக்குக் குள்ளமானவர்கள் காலடியில் காலுக்கொரு பிளேட்டைப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான பெஞ்சும் மெஷினும் உயரமானவர்களுக்கென்றே செய்தவை, குறை உங்களிடம் இல்லை.

8. நோட்டு

தேதி, பயிற்சி, எடை, ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப். மெஷின் என்றால் சீட் எந்த எண்ணில் என்பதும். 'காப்லெட் ஸ்குவாட், 8 கிலோ: 12, 11, 9' என்று எழுதினால் போதும்.

எடை கூட்டும் விதி ஒன்றுதான். மூன்று செட்டிலும் 12 ரெப் ஒழுங்காக வந்துவிட்டால், அடுத்த முறை இருப்பதிலேயே சின்ன படி ஏற்றுங்கள். ரெப் எட்டு, ஒன்பதுக்கு இறங்கும். மறுபடி 12க்கு ஏறுங்கள்.

ஷோல்டர் பிரஸ்ஸில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். 5 கிலோவிலிருந்து அடுத்த டம்பெல் 7.5 என்றால் அது ஒரேயடியாகப் பாதி எடை கூடுதல். அந்த இடத்தில் 15 ரெப் வரை ஏறிவிட்டு மாறுங்கள். அல்லது முதல் செட்டை மட்டும் 7.5இல் செய்து, மற்ற இரண்டையும் 5இல் முடியுங்கள். அரை கிலோ காந்த எடைகளும் கிடைக்கின்றன, டம்பெல்லின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜிம்மில் எதற்காவது தனியாகச் செலவு செய்வதென்றால் இதற்குச் செய்வேன்.

முதல் ஒன்றரை மாதம் எண்கள் மளமளவென ஏறும், கண்ணாடியில் எதுவும் தெரியாது. நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. உடம்பில் மாற்றம் தெரிய 2, 3 மாதம் ஆகும். தொடக்கத்தில் எடை பார்க்கும் கருவியில் ஒன்றிரண்டு கிலோ கூடவும் செய்யலாம், தசையில் நீர் தங்குவதால். அந்தக் கருவியைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

9. பார்பெல்லுக்குப் போகும்போது

காப்லெட் ஸ்குவாட்டில் காலைவிடக் கை முதலில் சோர்ந்துபோகிறதா? பார்பெல்லுக்கு நேரம் வந்துவிட்டது. பெண்களுக்கான போட்டி பார் 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். சின்னக் கைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 15 கிலோ பார் எங்காவது மூலையில் கிடக்கும், கேட்டு வாங்குங்கள். எந்த பார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

இங்கே அவசரமே வேண்டாம். தனியாகச் செய்பவர்களுக்கு ஆபத்து பார்பெல்லில்தான்.

ஸ்குவாட்: ரேக்குக்குள் மட்டும் செய்யுங்கள். வெறும் பாரோடு அடிவரை உட்கார்ந்து பார்த்து, பார் வரும் உயரத்துக்குச் சற்றுக் கீழே பாதுகாப்புக் கம்பியை வையுங்கள். எழ முடியாவிட்டால் அப்படியே உட்கார்ந்து பாரைக் கம்பியில் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். லேசான எடையில் ஒருமுறை வேண்டுமென்றே இதைச் செய்து பழகுங்கள்.

பெஞ்ச் பிரஸ்: இதையும் ரேக்குக்குள், நெஞ்சு உயரத்தில் கம்பி வைத்துச் செய்வதே நல்லது. கம்பி இல்லாத பெஞ்சில் தனியாக இருந்தால் பாரின் ஓரத்தில் பிளேட் நகராமல் பிடிக்கும் கிளிப்பைப் போடாதீர்கள். நெஞ்சில் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைச் சரித்துவிட்டுத் தப்பிக்க அதுதான் வழி. கட்டைவிரல் கட்டாயம் பாரைச் சுற்றியிருக்கட்டும்.

டெட்லிஃப்ட்: இது தரையில் இருக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது. பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சின்ன பிளேட் போட்டால் பார் தாழ்ந்துபோய் முதுகை வளைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் பிளேட்டுகளை அடுக்கி அதன்மேல் பாரை வைத்துச் சரியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கழற்றும்போது ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். பார் கவிழ்ந்து பறக்கும். மாற்றி மாற்றிக் கழற்றுங்கள்.

10. எந்த வலி சரி, எது சரியில்லை

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்க வலிப்பது இயல்பு, சில நாளில் அடங்கும். மூட்டில் குத்தும் வலி, ஒரே இடத்தில் சுரீர் என்ற வலி, மரத்துப்போவது என்றால் அன்றைய பயிற்சி முடிந்தது. சிறுநீர் கோலா நிறத்தில் போய், கை கால் வீங்கி, வலி தாங்க முடியாமல் இருந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸாக இருக்கலாம். அரிதானதுதான், ஆனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

11. மாதவிடாய், தூக்கம், சாப்பாடு

மாதவிடாய் நாட்களில் தூக்கலாமா? தூக்கலாம். சுழற்சியின் நாளுக்கேற்பப் பயிற்சி என்று காசுக்கு விற்கிறார்கள், வாங்க வேண்டியதில்லை. அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப எடையைக் குறையுங்கள் அல்லது அப்படியே செய்யுங்கள். ஆனால் பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் அது எச்சரிக்கை. சாப்பாடு பற்றவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். எப்போதும் களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இரும்புச்சத்தையும் பரிசோதியுங்கள்.

புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரை இலக்கு வைக்கலாம். 60 கிலோ என்றால் நாளுக்கு 96 கிராம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் கேட்காமல் கூட்ட வேண்டாம். பவுடர் கட்டாயமில்லை.

12. நடுவில் வந்து பேசுகிறவர்கள்

கேட்காமலே பாடம் எடுக்க ஒருவர் வருவார். "நன்றி, திட்டப்படி செய்கிறேன்" என்று சொல்லி நோட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு போய்விடுவார். தொட்டுத் திருத்த வந்தால் "தொடாதீர்கள்" என்று சத்தமாகவே சொல்லலாம். தொடர்ந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியோடு. நம் பக்கமும் கடமை உண்டு: பிளேட்டை எடுத்த இடத்தில் வையுங்கள், பெஞ்சைத் துடையுங்கள், ரேக்கில் உட்கார்ந்து ஃபோன் பார்க்காதீர்கள்.

13. எண் நகராமல் நின்றால்

மூன்று வாரமாக ஒரு பயிற்சியில் ஒரு ரெப்கூடக் கூடவில்லையா? முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் எல்லா எடையையும் பாதியாக்கிச் செய்துவிட்டு, பழைய எடைக்குக் கொஞ்சம் கீழிருந்து மறுபடி ஏறுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், அல்லது வீடியோவில் ஏதோ கோணலாகத் தெரிந்து என்னவென்று பிடிபடவில்லை என்றால், அப்போது ஒரு கோச்சுக்குப் பணம் கொடுங்கள். முதல் நாள் கொடுப்பதைவிட இப்போது கொடுக்கும் காசுக்கு நிறையக் கிடைக்கும், எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நோட்டையும் வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு பயிற்சிக்கு மேல் கேட்காதீர்கள், ஒரு மணி நேரம் அதற்கே சரியாக இருக்கும். பணம் கட்டும்போது பேக்கேஜ் இல்லை, ஒரே ஒரு அமர்வுதான் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.